டிரேப்பரின் 79: ஆறே ஆண்டு வாழ்ந்த ஒரு காலாட்படை

கேள்வி: 1760இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வந்தவாசிப் போரில் 79ஆம் ரெஜிமெண்ட் இருந்ததாகப் படித்தேன். அது ஸ்காட்லாந்துப் படையான கேமரன் ஹைலாண்டர்ஸ்தானே?

பதில்: இல்லை. அவர்கள் 1793இல் திரட்டப்பட்டவர்கள். ஒரு படை கலைந்தால் அதன் எண்ணை வேறொரு படைக்குக் கொடுத்துவிடுவார்கள், காலியான வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வைப்பதுபோல. நீங்கள் படித்தது வில்லியம் டிரேப்பர் 1757இல் திரட்டிய படை, 1763இல் கலைக்கப்பட்டது.

கேள்வி: கிழக்கிந்தியக் கம்பெனிப் படையா?

பதில்: மன்னரின் படை. கம்பெனிக்குத் துணையாக 1758இல் சென்னை வந்தது.

கேள்வி: சென்னை முற்றுகையில் டிரேப்பர் தோற்றாரா?

பதில்: முழுத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். 1758 டிசம்பர் 14 அன்று லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள் புகுந்தது. இன்றைய ஜார்ஜ் டவுன்தான் அது. அங்கே சாராயம் கிடைத்ததும் சிப்பாய்கள் குடித்துக் கூத்தடிக்க, டிரேப்பர் கோட்டையிலிருந்து வெளியேறிப் பாய்ந்தார். தெருச் சண்டையில் இரு பக்கமும் பலத்த சேதம். கடைசியில் அவர்தான் பின்வாங்கினார். ஆனால் அவர் கையில் சிக்கியவர் யார் தெரியுமா? பின்னாளில் அமெரிக்க விடுதலைப் போரில் பிரெஞ்சுக் கடற்படையை நடத்திய தெஸ்தாங்! 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்துசேர, லாலி முற்றுகையைக் கைவிட்டார்.

கேள்வி: வந்தவாசியிலும் டிரேப்பர்தானா?

பதில்: அவர் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியிருந்தார். படையை நடத்தியவர் மேஜர் பிரரட்டன். 1759 செப்டம்பர் இறுதியில் இதே வந்தவாசியை இரவில் தாக்கி அடிவாங்கியவர். 1760 ஜனவரி 22இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் கீழ் மீண்டும் வந்தார். குளக்கரை அரணில் பிரெஞ்சு வெடிமருந்து வண்டி ஒன்று குண்டுபட்டு வெடித்தது. அந்தக் குழப்பத்தில் கூட் 79ஐ அங்கே ஏவினார். குண்டடிபட்டு விழுந்த பிரரட்டன், தன்னைத் தூக்க நின்றவர்களையும், என்னைப் பார்க்காதீர்கள், போங்கள் என்று துரத்தினாராம். அரண் விழுந்தது, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். பிரரட்டன் பிழைக்கவில்லை. வெற்றியின் பெயர் முழுவதும் கூட்டுக்கே போனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி: பிறகு?

பதில்: 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. 1762இல் டிரேப்பர் திரும்பிவந்து, இதே படையைச் சென்னையிலிருந்து கப்பலேற்றி, அக்டோபரில் ஸ்பானியரின் மணிலாவைப் பிடித்தார். நகரைக் கொள்ளையிடாமல் விடப் பேசிய மீட்புத்தொகை நாற்பது லட்சம் டாலர். பாதிக்கு, ஸ்பெயின் அரசு பணம் தரும் என்று உண்டியல் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பணம் வரவே இல்லை.

கேள்வி: நினைவுச்சின்னம் இருக்கிறதா?

பதில்: இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டனில் இருக்கிறது. கல்பெட்டியும் மேலே கலசமுமாக, டிரேப்பர் தன் வீட்டருகே எழுப்பியது. இறந்த அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். சிப்பாய்களின் பெயர்கள் அதில் இல்லை.