தகரப்பெட்டிக்குள் ஒரு கரடி – கடிதம்

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. பி.எட். முடித்துவிட்டு டெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு மாதமாகச் சனி, ஞாயிறு காலைகளில் எங்கள் ஊர்ப் புயல் காப்பகத்தில் 3 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். நன்றாக வாசிக்கிறவர்களாகப் பார்த்து 14 பேரைச் சேர்த்திருக்கிறேன். நண்பர்கள் கொடுத்த 80 புத்தகங்கள் இருக்கின்றன.

ஆரம்பத்திலேயே விதிகளை அச்சடித்துப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அனுமதி இல்லை. மூன்று நாள் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். வகுப்பில் மௌன வாசிப்பு மட்டுமே. வீட்டில் தினமும் 20 நிமிடம் வாசித்து, குறிப்பேட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ கையெழுத்து வாங்கி வர வேண்டும். புத்தகம் தொலைந்தாலோ கிழிந்தாலோ இரண்டு மடங்கு விலை கட்ட வேண்டும்.

போன வாரம் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஒரு மாதக் கையெழுத்து முழுவதையும் தானே போட்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். அவளை நீக்க மனம் வரவில்லை. விட்டால் மற்றவர்களும் இதையே செய்வார்கள். இங்குள்ள பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை. கலாம் பிறந்த மண்ணில் இப்படியா என்று வருத்தமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள டீச்சர்,

வேலை கிடைப்பதற்கு முன்பே டீச்சர் என்று கூப்பிடுகிறேன், தப்பில்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் வாரத்துக்கு இரண்டு காலைகளை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள். வாசிப்பின் பெருமையை மேடையில் பேசிவிட்டுச் சால்வையோடு வீடு திரும்புகிற என்னைப் போன்றவன் உங்களைத் திட்டக் கூடாதுதான். ஆனாலும் திட்டப் போகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கலாமை விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் ஒரு பிள்ளை வாய்ப்பாட்டில் தடுக்கினால்கூட அவர் பெயரைச் சொல்லித்தான் தலையில் குட்டுகிறார்கள். அவரும் ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட பையன்தான்.

தாமதமாக வருகிற பிள்ளை தாமதமாகவே வரட்டும், உள்ளே விடுங்கள். மௌன வாசிப்பு எதற்கு? மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாய்விட்டு வாசித்தால்தான் அதன் தப்பு அதன் காதில் விழும். கடற்காற்று அடிக்கிற அந்தக் கட்டிடத்தில் 14 பேர் முணுமுணுத்தால் என்ன குடி முழுகிவிடும்? நன்றாக வாசிக்கிறவர்களாகப் பொறுக்கி எடுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. 2023இல் தமிழ்நாட்டு அரசு வாசிப்பு இயக்கம் தொடங்கியபோது சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டு, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்தார்கள். நீங்கள் ஓடுகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டீர்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற தம்பி தங்கைகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களும் நுழையட்டும். சரி, இது இத்தோடு போகட்டும்.

மூன்று நாள் விதியை வைத்துக்கொள்வதென்றால் பக்கத்தில் ஒரு தினசரிக் காலண்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும். கடற்பாசி எடுக்கிற பெண்கள் அந்த நாட்களைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்கள் கடலில் இருக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருப்பது யார்? உங்கள் நான்காம் வகுப்புக்காரிதான். அவள் பெயருக்கு நேரே நீங்கள் ஆப்சென்ட் போடுகிறீர்கள். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் அப்போது கரையில் இருப்பார்கள், கோடை விடுமுறையும் அதற்குள்ளேயே வரும். வகுப்பைப் பெரிதாக நடத்த வேண்டுமென்றால் அதுதான் சமயம்.

இனி கடைசி விதி. நீங்கள் கேட்டது கையெழுத்தைப் பற்றி, தெரியும், வருகிறேன்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மாவின் தகரப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. உள்ளே பழைய ரேஷன் அட்டை, நைந்த கூறைப்புடவை, நான்காக மடித்த காலிப் பாலிதீன் பை ஒன்று. அந்தப் பையைப் பார்த்ததிலிருந்து ஒரே யோசனையாக இருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

1979. நான் நான்காம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்திலும் உங்களைப் போலவே ஒருவர் கெட்டிக்காரர்களாகப் பார்த்து ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளிக்கிழமை ஒரு புத்தகம், அடுத்த வெள்ளி திருப்பித் தர வேண்டும். தொலைந்தால், கறை பட்டால் இரண்டு மடங்கு விலை. எனக்குக் கிடைத்தது மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த சோவியத் குழந்தைப் புத்தகம். அந்தக் காலத்தில் நல்ல தாளில் வண்ணப் படங்களோடு அவை மலிவாகக் கிடைக்கும். அட்டையில் பனிக்கு நடுவே ஒரு கரடி, கையில் விளக்கோடு நின்றது. விலை இரண்டரை ரூபாய்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா அப்போதுதான் கடலிலிருந்து வந்திருந்தாள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றியிருந்த பழைய சேலைத் துணியை ஒவ்வொரு விரலாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போய், பல்லால் கடித்து இழுத்தாள். புத்தகத்தைக் காட்டினேன்.

"தொலஞ்சா எம்புட்டு?"

"அஞ்சு ரூவா."

கை பாதியில் நின்றது. நாள் முழுக்க முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்தாலும் அவள் கையில் அன்றைக்கு அஞ்சு ரூபாய் நிற்காது. மிச்சத் துணியையும் அவிழ்த்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் இரண்டு தடவை துடைத்தாள். அப்புறம் கரடியை வாங்கி, ரேஷன் அட்டை இருந்த பாலிதீன் பைக்குள் போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அம்மாவின் ஆட்கள் தனுஷ்கோடிக்காரர்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு உடுத்திய துணியோடு பாம்பன் வந்து சேர்ந்தவர்கள். நிவாரணத்துக்கு வரிசையில் நின்றபோது, நீங்கள்தான் அது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்களாம். இதை அவள் என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு அச்சடித்த தாள் எதுவாக இருந்தாலும் அவளுக்கு அது ஒன்றுதான்: தொலைந்தால் நாம் தொலைந்தோம்.

நான் அழுததில் ஒரே ஒரு தடவை பெட்டியைத் திறந்து காட்டினாள். பாலிதீனுக்குள் கரடி. பிரிக்க விடவில்லை.

வெள்ளிக்கிழமை புத்தகத்தைக் கொடுத்தேன். வாத்தியார் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "பாத்துக்கங்கடா, எப்படி வச்சிருக்கான்னு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கதை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்து அது என் பக்கத்தில் உட்காருகிறவனிடம் போனது. அவன் வீட்டில் தகரப்பெட்டி கிடையாது. திரும்பி வந்தபோது அட்டையில் குழம்புக் கறை, உள்ளே ஒரு பக்கத்தில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. வலையில் மீன் கழற்றிய கையோடு புரட்டியிருக்கிறான். வெயிலில் பிடித்தால் செதில் மினுங்கியது. முட்டி போட வைத்தார்கள். அவனுடைய அப்பத்தா கோழியை விற்று அஞ்சு ரூபாய் கட்டினாள். அதோடு அவன் புத்தகம் வாங்குவதை நிறுத்திவிட்டான்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம், கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்து, கரடியின் கதையை எனக்குச் சொன்னான். கரடி பனியில் வழி தெரியாமல் நின்றது. வாடைக்காற்று திரும்பியது. கரடி நங்கூரம் போட்டது.

"பனியில எதுக்குடா நங்கூரம்?"

"நீ படிச்சியா, நான் படிச்சனா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கதை எனக்குத் தெரிந்தது அவன் சொன்ன வகையில்தான். போன மாதம் பெட்டியை இறக்கிய அன்று ராத்திரி அவனுக்குப் போன் போட்டேன். இப்போது நாட்டுப்படகு வைத்திருக்கிறான். கரடி கதை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "எந்தக் கரடி?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பத்தா வித்த கோழி ஞாபகமிருக்கு" என்றான்.

எங்கள் இருவரையும் உங்கள் விதித்தாளில் போட்டுப் பாருங்கள். நான் பாஸ். அவன் பெயில்.

அருமை தெரியவில்லை என்று எழுதினீர்களே, அந்த வரிக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. மீனவர்கள் கடலையே வாசிப்பவர்கள் என்று கவிதை பாடப் போவதில்லை, அது எனக்கும் அலுத்துவிட்டது. நான் சொல்வது வேறு. அருமை தெரிந்துதான் அம்மா பூட்டினாள். இரண்டு மடங்கு விலை என்று அச்சடித்த தாளோடு நீட்டினால், வீட்டுக்குள் நுழைவது அடகுப் பொருள். உங்கள் 14 வீடுகளுக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். எத்தனை வீட்டில் உங்கள் புத்தகம் ஆதார் அட்டையோடு பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாகத் தூங்குகிறது என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

பள்ளிக்கூட பீரோக்களைப் பூட்டுவதும் இதே பயம்தான். இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தால் கைக்காசைக் கட்ட வேண்டுமே என்று பூட்டிவிடுகிறார்கள். நம் உப்புக்காற்றில் பூட்டிய பீரோ என்ன செய்யும் என்று நேரில் பார்த்தேன். ஒரு பள்ளிக்குச் சிறப்பு விருந்தினராகப் போயிருந்தபோது எனக்காகத் திறந்தார்கள். கீல் துருப்பிடித்து, கதவை இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்தால் ஒரு பக்கத்துப் படம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வந்தது. ஒட்டாததை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. பதிவேட்டில் மட்டும் எண்ணிக்கை சரி.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உங்களுடையவையும் ஐந்துதான். அவருடைய முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலியால் மேசையோடு கட்டியே வைத்திருந்தார்கள். அந்தப் புத்திக்கு எதிராகத்தான் அதை முதலில் வைத்தார். அவர் நூல் வந்தது 1931இல். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வண்டிப் புழுதியில் தாள் அழுக்காகும் என்று யாரும் வண்டியை நிறுத்திவிடவில்லை. கலாம் பிறந்ததும் அதே 1931. பாருங்கள், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நானே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கணக்குப் போடுவோம். 80 புத்தகத்தில் வருடத்துக்கு 20 போய்விட்டது என்று வையுங்கள். மெல்லிய குழந்தைப் புத்தகங்கள்தானே, ஒன்றுக்கு 50 ரூபாய் என்றாலும் ஆயிரம். அதை நான் தருகிறேன், ஒவ்வொரு வருடமும். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். விதித்தாளைத் திருப்பி வாங்கி, பிள்ளைகள் முன்னாலேயே அடியுங்கள்.

கிழிந்ததைத் தூக்கிப் போடவும் வேண்டாம். மாதக் கடைசி ஞாயிறு மைதாப் பசை, ஊசி, நூலோடு உட்காருங்கள். கிழிந்த வலையைத் தைக்கிற வீட்டுப் பிள்ளைகள், முடிச்சு உங்களைவிட நன்றாகப் போடுவார்கள். முடிந்தால் அன்றைக்குப் புத்தகங்களை ஒரு பாயில் விரித்துக் காற்றாட வையுங்கள், கடும் வெயிலில் வேண்டாம்.

கையெழுத்துக்கு வருகிறேன், மறந்துவிடவில்லை. அந்தப் பெண்ணை நீக்காதீர்கள். குறிப்பேட்டில் கையெழுத்துக் கட்டத்தை நீக்குங்கள். விடியுமுன் கடலுக்குப் போகிற வீடாக இருந்தால் அவள் யாரிடம் எப்போது வாங்குவாள்? அந்த அம்மாவுக்குக் கையெழுத்து வருமா, கைநாட்டா என்றாவது விசாரித்தீர்களா? உங்களை ஏமாற்ற நினைத்திருந்தால் ஒரே நாளில் முப்பதையும் போட்டிருப்பாள். மை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தினம் ஒன்றாகப் போட்டிருந்தால் அவள் தினமும் குறிப்பேட்டைத் திறந்திருக்கிறாள். மற்றவர்களும் செய்வார்களே என்கிறீர்கள். கட்டமே இல்லாதபோது எதில் போடுவார்கள்?

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். விதிகள் இருக்கின்றன, எண்ணிக்கை இருக்கிறது, கண்டுபிடித்த கதை இருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் அவள் என்ன புத்தகம் வாசித்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதையைக் கேளுங்கள். நடுவில் எங்காவது நங்கூரம் வந்தால் திருத்த வேண்டாம்.

ஆயிரம் ரூபாயை எந்த எண்ணுக்கு அனுப்புவது என்று எழுதுங்கள். ரசீது வேண்டாம்.