ஒரே நோய்க்கு வரும் பணம் மற்ற சிகிச்சைகளை என்ன செய்கிறது?

எய்ட்ஸ், மலேரியா, போலியோ என்று குறிப்பிட்ட நோய்க்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏழை நாடுகளுக்கு வரும் வெளிநாட்டு உதவிதான் நோய் சார்ந்த நிதி. 2003-இல் அமெரிக்கா அறிவித்த பெப்ஃபார் எய்ட்ஸ் திட்டம் இந்த வகை.

பணம் திடீரென வரலாம். நர்ஸும் டாக்டரும் அப்படி வர மாட்டார்கள். சிக்கலே அங்கேதான். ஊரில் இருக்கும் இரண்டே கொத்தனார்களைப் பெரிய வீட்டுக்காரர் இரட்டைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போனால், மற்ற வீடுகளில் ஒழுகுகிற கூரையை அடைக்க ஆள் இருக்காது. ஆப்பிரிக்காவில் பல இடங்களில் அரசு நர்ஸுகள் நல்ல சம்பளம் கிடைத்த எச்ஐவி திட்டங்களுக்கு மாறியபோது பிரசவ வார்டுகளுக்கு நேர்ந்தது இதுதான். அப்புறம், நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிக்கை எழுதும் வேலை வேறு.

எப்போதும் கெடுதல்தான் என்றும் சொல்ல முடியாது. மலாவி 2004 முதல் இப்படி வந்த பணத்தையும் சேர்த்து அரசு மருத்துவப் பணியாளர்களின் சம்பளத்தை 52 சதவீதம் கூட்டியது. 2014-இல் நைஜீரியா எபோலாவைச் சீக்கிரம் அடக்கியதில் போலியோ ஒழிப்புக் குழுவின் பங்கு பெரியது.

சரி, இந்த நிதியை நிறுத்தினால் அது தானாகப் பிரசவ வார்டுக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள்; பெரும்பாலும் அது கொடுத்த நாட்டிலேயே தங்கிவிடும்.