வெயிலுக்கு மாறாத ரைபிள் பவுடர் எது?

கேள்வி கேட்ட தம்பி பினாங்குப் பிள்ளை, இப்போது ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் வேலை. தன் ரைபிளுக்கான .308 அளவுத் தோட்டாவைத் தானே நிரப்புகிறார். அங்கே குளிர்காலமான ஜூலையில் ஒழுங்காகச் சுட்ட அதே தோட்டா, கோடையான ஜனவரியில் போல்ட்டை (துப்பாக்கியின் பின்பக்கத்தைத் திறந்து மூடும் தாழை) இறுக்கிப் பிடிக்கிறது, வெயில் தாங்கும் பவுடர், அதாவது தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்து, எது என்று கேட்டிருக்கிறார். லைசன் எடுத்து, கிளப்பில் சேர்ந்து முறையாகச் செய்கிறவர் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏஆர் 2208. முர்ரே ஆற்றங்கரையில் முல்வாலாவில் தயாராவது. இதையே அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் கம்பெனி வார்கெட் என்று விற்கிறது. 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா போடும் ரைபிள் வைத்திருந்தால் ஏஆர் 2209. அங்கே அதற்குப் பெயர் எச் 4350. எண் ஒன்றாக இருக்கிறதே என்று ஐஎம்ஆர் 4350-க்குக் கொடுத்த அளவை இதற்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு பவுடர்.

ஆனால் டப்பாவை மாற்றினால் மட்டும் வேலை முடியாது. நான் நியூ சவுத் வேல்ஸின் ரிவரினா பக்கம் இருந்த காலத்தில் எங்கள் கிளப்பில் ஈப்போ அண்ணன் ஒருவர் இருந்தார். நல்ல கை, குறி தப்பாது. அவர் குளிர்காலத்தில், காலையில் புல் மேல் பனி உறைந்து கிடக்கிற நாட்களில், உருண்டை மணியான பால் (ball) பவுடரை, தோட்டா நிரப்பும் கையேட்டுப் புத்தகத்தில் போட்டிருந்த உச்ச அளவுக்கே நிரப்பி வைத்துவிட்டார். கோடையில் அதே தோட்டாக்களோடு காட்டுப்பன்றி சுட ஒரு பண்ணைக்குப் போனோம். வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. தோட்டாப் பெட்டி காரின் முன்கண்ணாடிக்குக் கீழே காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்தது. முதல் வெடி போட்டதும் போல்ட் கையால் திறக்க வரவில்லை, உள்ளங்கையால் அடித்துத்தான் திறந்தார். வெற்றுக்கூட்டை எடுத்துப் பார்த்தால், அடியில் பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் சப்பையாகிவிட்டிருந்தது, கூட்டைத் தள்ளிவிடும் எஜெக்டரின் அச்சு அடிப்பாகத்தில் பளபளவென்று பதிந்திருந்தது. அழுத்தம் மீறிப்போனதற்கு அடையாளம் இவை. அவர் அடுத்ததை உள்ளே போடப் போனார். நான் போட விடவில்லை.

அவருக்குக் கோபம். "பினாங்கு வெயில்ல வளர்ந்தவன், இந்த வெயிலுக்கா பயப்படுற?" என்றார். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது புரிவது கொஞ்சம் கஷ்டம்தான். பினாங்கில் வருஷம் முழுக்க 24-லிருந்து 33-க்குள் முடிந்துவிடும். ரிவரினாவில் பூஜ்ஜியத்திலிருந்து 40-க்கு மேல் ஏறி இறங்குகிறது. பவுடரில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் சூடாக இருந்தால் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் கூடும், குண்டின் வேகமும் கூடும், குறி மேலே போகும். புத்தகத்து உச்ச அளவு சாதாரண அறை வெப்பத்தில் எடுத்தது. குளிரில் அந்த விளிம்பில் நிற்கிற தோட்டா கோடையில் விளிம்பைத் தாண்டிவிடும். அன்று வீட்டுக்கு வந்ததும் மீதித் தோட்டாக்களை, குண்டு கழற்றும் சுத்தியல் போன்ற புல்லரில் தட்டிக் குண்டைக் கழற்றி எடுத்தோம். பிறகு அவர் 2208-க்கு மாறினார், அளவையும் கீழிருந்து ஆரம்பித்தார்.

அதனால் தம்பி, புதுப் பவுடர் வாங்கியதும் குறைந்த அளவில் தொடங்கி, கடைசிச் சோதனையை நல்ல வெயில் நாளில் வையுங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துக் காலையில் ஒரு முறை, உச்சிவெயிலில் ஒரு முறை வேகத்தை எழுதி வையுங்கள். டப்பாவில் எழுதியிருப்பதைவிட அந்த இரண்டு எண்களை நம்புங்கள். ஒரே பவுடர் ஒரு தோட்டாவில் அசையாமல் நிற்கும், இன்னொன்றில் ஆடும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தொடர்ந்து சுட்டுக் குழல் கொதிக்கும்போது தோட்டாவைச் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதிக்குள்) போட்டுவிட்டு நிதானமாகக் குறிபார்த்துக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல பவுடரும் வெந்துதான் போகும். குறி பார்த்து முடித்த பிறகு தோட்டாவைப் போடுங்கள். அப்புறம், பவுடரை அளவியில் கொட்டிவிட்டு ஏர்கான் அறையில் நாள் கணக்கில் விடாதீர்கள். ஈரம் வற்றினாலும் அது வேகமாக எரியும்.

பால் பவுடர் எல்லாமே மோசம் என்று நான் சொன்னதாக யாரும் வந்து சண்டை போட வேண்டாம். வின்செஸ்டரின் ஸ்டாபால் 6.5 போல வெப்பத்துக்கென்றே செய்த பால் பவுடரும் இருக்கிறது. அண்ணன் போட்டது அது இல்லை. இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். நம் மலேசியாவில் 1960 ஆயுதச் சட்டப்படி லைசன் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம். வீட்டில் நிரப்பும் பேச்சுக்கே இங்கே இடமில்லை. தம்பி, ஊருக்கு வரும்போது பையில் ஒரு வெற்றுக்கூடுகூட இருக்கக் கூடாது.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் ரொம்ப நாளாகக் கிடக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நூர் சுரியானி எட்டு மாதக் கர்ப்பிணியாக ஏர் ரைபிள் சுட்டார், நாடே கொண்டாடியது. நான் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண வீட்டில், ஆஸ்திரேலியாவில் கிளப்பில் சேர்ந்து துப்பாக்கி சுட்டேன் என்று சொன்னதும் சொந்த மாமாவே குரலைத் தாழ்த்தி, "எந்த கேங்குடா?" என்று கேட்டார். தமிழ்ப் பையன் கையில் துப்பாக்கி என்றால் நம் ஆட்களுக்கே வேறு எதுவும் தோன்றவில்லை. மூச்சை அடக்குவதும், அரை கிரெயின் (கிரெயின் என்பது மிகச் சிறிய எடை அளவு) பவுடரைத் தராசில் நிறுத்துப் போடுவதும், ஒவ்வொரு வெடியையும் நோட்டில் எழுதுவதும் எவ்வளவு கட்டுப்பாடான வேலை! அந்தக் கட்டுப்பாடு நம் பையன்களுக்கும் வரும், வாய்ப்புக் கொடுத்தால்.

சரி, இப்போது நீங்கள் போடுவது எந்தப் பவுடர், குண்டு எத்தனை கிரெயின், குழல் நீளம் என்ன என்று கீழே எழுதுங்கள். அதுவரை கையில் இருக்கும் கோடைத் தோட்டாக்களைச் சுடாதீர்கள், கழற்றிவிடுங்கள்.