ஐடியில் பெண்களுக்கு ஒதுக்கீடு – கடிதம்

வணக்கம்.

சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். இந்த ஆண்டு புதிதாக எடுப்பவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பெண்களைப் பரிந்துரைத்தால் ரெஃபரல் போனஸ் இரண்டு மடங்கு. நான் பரிந்துரைத்த நண்பன் நன்றாக கோடிங் செய்பவன், அவனை எடுக்கவில்லை. என் டீமில் உள்ள பெண்ணே, ‘ஒதுக்கீட்டில் வந்தவள் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது’ என்கிறார். திறமைக்கு இனி என்ன மதிப்பு? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் திறமையை எதை வைத்து அளக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-இல் கணினி அறிவியல் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம், 2000-இல் 42. ஒதுக்கீடு எதுவும் இல்லை. சேரும்போதே புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குக் கொடுத்துவந்த முக்கியத்துவத்தைக் குறைத்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் பையனின் அறையில்தான் இருந்திருக்கிறது. அவனுக்கு முன்பே கிடைத்துவிட்ட அந்தப் பழக்கத்தைத் திறமைக் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

நம் ஐஐடிகளில் 2017 வரை பி.டெக். சேர்ந்த பெண்கள் பத்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மகனை வெளியூர் கோச்சிங் சென்டருக்கு அனுப்பி விடுதியில் தங்கவைக்கிற குடும்பம், மகள் என்றால் தயங்குகிறது. அதனால் 2018-இல் பெண்களுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கினார்கள். ஆண்களுக்கு இருந்த இடத்தில் கைவைக்கவில்லை. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தகுதி பெற்றவர்களுக்கு மட்டுமே அந்த இடம். ரேங்க் பட்டியலில் சற்றுக் கீழே இருந்தவர்களும் உள்ளே வந்தார்கள், உண்மைதான். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சரி, உங்கள் கம்பெனிக்கு வருவோம். ஆள் எடுக்கும் இடத்தில் மட்டும் பாதிக்குப் பாதி என்று எண்ணுவதில் எனக்கும் திருப்தி இல்லை. நம் ஐடியில் ஃப்ரெஷராகச் சேரும் பெண்கள் ஏராளம். மேலே போகப் போகத்தான் காணாமல் போகிறார்கள். வேலையை மதிப்பிட்டுப் பதவி உயர்வு முடிவு செய்யும் அப்ரைசல் நேரத்தில் என்ன பேசப்படுகிறது? ‘இப்போதுதானே மெட்டர்னிட்டி லீவு முடிந்து வந்திருக்கிறாள், அடுத்த சைக்கிளில் பார்க்கலாம்.’ ‘குழந்தையை விட்டுவிட்டு ஆன்சைட் (வெளிநாட்டில் கிளையன்ட் அலுவலகத்தில் வேலை) எப்படிப் போவாள்?’ அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கிளையன்ட் மீட்டிங்கை இரவு ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு, அவள் வராததை ரேட்டிங்கில் குறைப்பார்கள்.

2017-இல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். நல்ல சட்டம். ஆனால் விடுப்புக் காலச் சம்பளம் முழுவதும் நிறுவனத்தின் தலையில் விழுவதால், இளம் பெண்ணை எடுக்கும்போதே மனக்கணக்குப் போடுகிற மேனேஜர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவில் அரசு பங்கேற்க வேண்டும். அப்புறம், கம்பெனிகள் பதவி உயர்வுப் பட்டியலிலும் பெண்களை எண்ண வேண்டும்.

உங்கள் டீமில் இருக்கும் அந்தப் பெண்ணிடம், ஆன்சைட் போக விருப்பமா என்று நீங்கள் கேட்டதுண்டா? இல்லையென்றால் இந்த வாரமே கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.