சூப்பில் மீன் சாஸ், வாட்ஸ்அப்பில் பத்து லட்சம்

கேள்வி: நாங்கள் கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. பரம்பரையாகச் சைவம், முட்டைகூட வீட்டுக்குள் வராது. அப்பாவின் 70-ஆவது பிறந்தநாளுக்கு, கோவையில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பெரிய ஆசிய உணவகத்துக்குப் பத்துப் பேர் போனோம். முக்கால் மணி நேரம் காக்க வைத்தார்கள். பரிமாறியவருக்குத் தமிழும் தெரியவில்லை, மலையாளமும் தெரியவில்லை. வெஜ் டாம் யம் சூப் நான்கு வாங்கினோம். பாதி குடித்ததும் கருவாட்டு வாடை அடிக்கிறது என்றார் அம்மா. மேனேஜரைக் கேட்டால், "வெஜ்னா பீஸ் இருக்காது சார், ஃபிஷ் சாஸ் எல்லா தாய் சூப்லயும் உண்டு" என்கிறார். அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பழனிக்குப் போகக்கூடத் தகுதி இல்லை என்று அழுகிறார். பில் 15,246 ரூபாய், அதில் சர்வீஸ் சார்ஜ் வேறு. மகன் இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டான். நான் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். இப்போது 50 லட்சம் மானநஷ்டம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இன்னொரு பக்கம், பில் தொகையும் 25,000 ரூபாயும் தருகிறோம் என்று ஆள் விட்டுப் பேசுகிறார்கள். 20 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? அந்த ஹோட்டலை மூட வைக்க முடியுமா?

பதில்:

ஏழு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்குக்கு வேண்டியது அந்த ஏழு பக்கத்தில் இல்லை, கூட இணைத்த இரண்டு காகிதங்களில் இருக்கிறது. ஒன்று பில்: "டாம் யம் வெஜ் 4". இன்னொன்று அவர்கள் வக்கீல் அனுப்பிய நோட்டீஸின் நான்காவது பத்தி: ஆசியச் சமையலில் ஃபிஷ் சாஸ் சேர்வது பொது அறிவு, அது தெரியாமல் வந்தது உங்கள் தவறாம். படித்தீர்களா? சூப்பில் மீன் இருந்தது என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டிய வேலையை அவர்களே முடித்துக் கொடுத்துவிட்டார்கள். சூப் வயிற்றுக்குள் போய்விட்டது, இனி எந்த லேபுக்கும் அனுப்ப முடியாது. அந்தப் பத்தி இல்லையென்றால் மேனேஜர் வாயால் சொன்னதை வைத்துத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

"பீஸ் இல்லை, அதனால் வெஜ்" என்பது சட்டத்தில் செல்லாது. ஃபிஷ் சாஸ் என்பது நெத்திலி போன்ற மீன்களை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் சாறு. ஜப்பானிய மிசோ சூப்பின் அடித்தண்ணீரில் பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனின் சீவல் இருக்கும். நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கொரியக் கிம்ச்சியில் பல இடங்களில் உப்பிட்ட இறால் சேரும். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பால், பால் பொருட்கள், தேன் போன்ற சிலவற்றைத் தவிர, விலங்கிலிருந்து வந்த எது சேர்ந்தாலும் அது அசைவம். துண்டாக இருக்கிறதா, சாறாக இருக்கிறதா என்று விதி கேட்பதில்லை.

காத்திருந்த முக்கால் மணி நேரம், மொழி தெரியாத பையன், மங்கலான விளக்கு, இவை எதுவும் வழக்கில் வராது. மனுவில் எழுதினால் நல்ல பாயின்ட் மறைந்துவிடும். அப்பாவின் வேதனைக்கு மன உளைச்சல் இழப்பீடு என்று ஒரு பத்தி போதும். ஹோட்டலை மூடுவது உங்கள் கையிலும் இல்லை, நுகர்வோர் ஆணையத்தின் கையிலும் இல்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் புகார் போனால், பொதுவாக முதலில் குறையைத் திருத்தச் சொல்லி ஒரு நோட்டீஸ் போகும். திருத்திவிட்டால் முடிந்தது.

சர்வீஸ் சார்ஜ் மட்டும் கேட்கத் தக்கது. உங்கள் பில்லில் சாப்பாடு 13,200, அதன்மேல் பத்து சதவீதம் 1,320, இரண்டுக்கும் சேர்த்து ஐந்து சதவீத ஜிஎஸ்டி 726. கேட்காமல் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது. அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னது. தொகை சின்னது, ஆனால் அவர்கள் கையாலேயே அச்சடித்துக் கொடுத்த ஆதாரம்.

எங்கே வழக்கு என்பதில் உங்களுக்கு வசதி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். பாலக்காட்டில் போட்டால் வாளையார் எல்லை தாண்டி வரவேண்டியது அவர்கள்தான். கட்டணம் கிடையாது, கட்டணத்துக்குப் பார்ப்பது நீங்கள் கேட்கும் 20 லட்சத்தை அல்ல, நீங்கள் கொடுத்த 15,246-ஐ. இரண்டு வருடம் அவகாசமும் இருக்கிறது.

பில்லை மட்டும் இன்றே நகல் எடுங்கள். அது தெர்மல் காகிதம், சில மாதத்தில் எழுத்து மங்கிப்போகும். ஒரு கட்சிக்காரர் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார். சூடு பட்டதும் காகிதம் முழுக்கக் கறுத்துவிட்டது. நீதிமன்றத்தில் கறுப்புச் சதுரத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். மெனுவும் அப்படித்தான். க்யூஆர் ஸ்கேன் மெனுவை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம். இன்றைய தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதில் சூப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை இலைப் படத்தைப் பெரிதாக நம்பாதீர்கள், கொத்தமல்லி என்று சொல்லிவிடுவார்கள். பில்லில் உள்ள "வெஜ்" என்ற சொல்தான் உங்கள் பலம். 2025-ல் மும்பையில் ஒரு நுகர்வோர் ஆணையம் இதே மாதிரி ஒரு புகாரைத் தள்ளியது. அங்கே பில்லில் இருந்தது அசைவம். சுத்த சைவமென்றால் இரண்டும் விற்கிற கடைக்கு ஏன் போனீர்கள் என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி உங்களுக்கும் வரும்.

சரி, ஜெயித்தால் எவ்வளவு? பில் தொகை, மன உளைச்சலுக்குச் சில ஆயிரங்கள், செலவுத்தொகை. உடம்புக்கு ஒன்றும் ஆகாத, ஆஸ்பத்திரி சீட்டு இல்லாத இந்த மாதிரி வழக்கில் நான் ஆறு இலக்கத்தைப் பார்த்ததில்லை. அதுவும் ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து.

இனி, நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம். "உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்" என்கிறீர்கள். என்ன எழுதினீர்கள் என்பது நோட்டீஸோடு இணைத்த ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது: "பத்து லட்சம் குடுத்தா வீடியோவை எடுக்கறோம். இல்லைன்னா கோயம்புத்தூர் முழுக்கப் பரவும்." கீழே இரண்டு நீல டிக்.

இந்த ஒரு மெசேஜ் உங்களைப் புகார்தாரர் நாற்காலியிலிருந்து எழுப்பி, எதிர்ப் பக்கம் உட்கார வைத்துவிடும். பெயரைக் கெடுப்பேன் என்று பயமுறுத்திப் பணம் கேட்டால் அது மிரட்டிப் பணம் பறித்தல் என்று கணக்காகும், பழைய ஐபிசி-க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 308. பணம் இன்னும் கை மாறவில்லை, அதனால் இப்போதைக்கு மூன்றாம் உட்பிரிவு, இரண்டு வருடம் வரை. பணம் கை மாறிவிட்டால் இரண்டாம் உட்பிரிவு: ஏழு வருடம் வரை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, கோர்ட் மனம் வைத்தால்தான் கிடைக்கும் குற்றம். நஷ்டத்துக்குத்தானே கேட்டோம் என்று நீங்கள் வாதாடலாம், வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அதை முதலில் சொல்ல வேண்டிய இடம் கோவையில் ஒரு போலீஸ் ஸ்டேஷன்.

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், கேக்கில் பூச்சி கிடந்த விவகாரம். பூச்சி உண்மை, போட்டோ தெளிவு. மூன்று லட்சம் கேட்டு மெசேஜ் போட்டிருந்தார். கடைக்காரர் ரொம்பப் பணிவாக, "சரிங்கண்ணா, முதல்ல அம்பதாயிரம் போடறேன், மிச்சம் மாசக் கடைசி" என்று ஜிபேயில் அனுப்பினார். இவரும் சந்தோஷமாக, "வந்திருச்சுங்க, வீடியோ எடுத்தாச்சு" என்று பதில் போட்டார். மறுநாள் காலை கடைக்காரர் மூன்று ஸ்கிரீன்ஷாட்டோடு ஸ்டேஷனில் இருந்தார்: கேட்டது, அனுப்பியது, பெற்றுக்கொண்டது. குற்றத்தின் எல்லா அங்கமும் வரிசையாக. பூச்சியைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. முன்ஜாமீனுக்கு அவர் செய்த செலவு அந்த ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆள் விட்டுப் பேசுகிறார்கள் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ஜிபே சத்தம்தான். அந்த ஆளிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், டீ வாங்கிக் கொடுத்தாலும் வேண்டாம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பதும் இங்கே தொல்லைதான். பணம் வாங்கி இரண்டாம் உட்பிரிவில் எஃப்ஐஆர் விழுந்தால், அது கோவையில், நீங்கள் கேரளாவில். இருக்கும் ஊரிலேயே தற்காலிக முன்ஜாமீன் கேட்க 2023-ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டிருக்கிறது, ஆனால் அது சில நாள் அவகாசம்தான். அப்புறம் கோவைக்கே போகவேண்டும். நுகர்வோர் வழக்கில் அவர்கள் வாளையார் தாண்டுவார்கள், இதில் நீங்கள்.

மகன் போட்ட வீடியோவுக்கு வருவோம். சூப் பற்றிச் சொன்னது உண்மை, அதற்கு நான் பயப்பட மாட்டேன். "கிச்சன்ல எலி ஓடுது" என்று நடுவில் ஒரு வரி இருக்கிறதே, கிச்சனுக்குள் யார் போனது? அந்த ஒரு வரிக்காகத்தான் அவதூறு வழக்கு நிற்கும், அதே சன்ஹிதாவின் பிரிவு 356. 50 லட்சம் என்பது சும்மா பயமுறுத்த எழுதிய எண். அந்தத் தொகைக்கு சிவில் வழக்கு போட்டால் அவர்கள் கட்டவேண்டிய கோர்ட் ஃபீஸே யோசிக்க வைக்கும். ஆனால் தனிப் புகாராகக் கோவை மாஜிஸ்திரேட்டிடம் போனால், வாய்தாவுக்கு அலையப்போவது கல்லூரியில் படிக்கிற பையன்.

ஆகவே ராஜியாகப் போங்கள். கௌரவத்தைப் பார்க்காதீர்கள். பில் தொகையோடு 25,000 என்பது நீங்கள் வழக்கு நடத்தி வாங்கக்கூடியதற்குக் குறைவில்லை. வக்கீல் மூலம் பேசினால் கொஞ்சம் கூடலாம், கூடாவிட்டாலும் விட்டுவிடுங்கள். போலீசில் புகார் ஏறுவதற்கு முன்னால் முடியவேண்டும் என்பதுதான் முக்கியம். எஃப்ஐஆர் விழுந்தபிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டாலும், ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

வரிசையும் முக்கியம். வீடியோவையும் அதன் கமென்ட்டுகளையும் முதலில் சேமித்துக்கொண்டு, நீங்களாகவே இன்று எடுத்துவிடுங்கள், யாரிடமும் எதையும் கேட்காமல். பணத்துக்கும் வீடியோவுக்கும் இடையே இருக்கிற முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிட வேண்டும். வேண்டுமானால் பின்னால் "வெஜ் என்று வாங்கிய சூப்பில் ஃபிஷ் சாஸ் இருந்தது" என்று ஒற்றை வரி ரிவ்யூ எழுதிக்கொள்ளலாம், அது உண்மை. வாட்ஸ்அப்பில் மன்னிப்பு கேட்கவும் வேண்டாம், பழைய மெசேஜை அழிக்கவும் வேண்டாம்; அழித்தாலும் அவர்கள் போனில் இருக்கிறது. பிறகு வக்கீல் வழியாகப் பதில் நோட்டீஸ், அதில் நான்காவது பத்தியைக் கோடிட்டுக் காட்டினால் அவர்கள் குரலும் இறங்கும்.

ராஜிப் பத்திரத்தில், தொகை "சைவம் என்று விற்ற உணவில் மீன் சேர்ந்ததற்கான இழப்பீடு" என்று எழுதவேண்டும். பணம் டிடியாகவோ வங்கி வழியாகவோ பத்திரத்தில் கையெழுத்தான நாளில் வரவேண்டும். நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறோம், இந்த விஷயத்தில் எங்கும் புகார் தரவில்லை, தரமாட்டோம் என்று அவர்கள் எழுதவேண்டும். மெனுவில் ஃபிஷ் சாஸ் சேர்ந்ததை அச்சிடுவோம் என்று ஒரு வரி கேளுங்கள், செலவில்லாதது என்பதால் ஒப்புக்கொள்வார்கள். அப்பாவிடம் சொல்லவும் ஏதோ ஒன்று இருக்கும். மறக்காமல் மகன் பெயரையும் சேருங்கள். இன்ஸ்டா கணக்கு அவனுடையது. அப்பன் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்டு மகனை வெளியே விட்ட பத்திரத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸுக்குப் பதினைந்து நாள் கெடு, ஒன்பது நாள் போய்விட்டது. நாளைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு பேர் போனோடும்.