இலங்கை மலைநாட்டுல தனி ஆளா வாடகை வீடு தேடுறவங்க கேட்டதும் என் பதிலும்

பதினொரு வருஷமா பைக் கூட இல்லாம ஹட்டன், பண்டாரவளை, கண்டினு தனியா வாடகைக்கு இருந்தவ நான். நடந்தே வாழலாமானு நெறைய பேர் கேட்டிருந்தீங்க.

கேள்வி: அக்கா, ஹட்டன் டவுன்ல இருந்து 1 கிலோமீட்டர்தான்னு புரோக்கர் சொல்றாரு, எடுக்கலாமா?

தம்பி, மேல 1 கிலோமீட்டரா கீழ 1 கிலோமீட்டரானு மொதல்ல கேளுங்க. நம்ம பக்கம் தூரத்தை விட ஏத்தம்தான் கணக்கு, காலையில பத்து நிமிஷத்துல இறங்கிப் போற அதே வழிய சாயந்தரம் அரிசியும் தேங்காயும் தூக்கிட்டு மழையில ஏறி வர அரை மணித்தியாலம் ஆகும். அட்வான்ஸ் குடுக்க முந்தி ஒருநாள் ஆறரைக்கு மேல, கையில சாமான் பையோட பஸ் ஸ்டாண்டுல இருந்து அந்த வீடு வரைக்கும் நடந்து பாருங்க. லைட் எரியுதா, நாய் தொரத்துதா, படியில பாசி பிடிச்சிருக்கானு அப்பதான் தெரியும். நான் நல்ல வெயில்ல பாத்துட்டு ஒரு வீடு எடுத்தேன், ஜூன் மழையில குறுக்கு வழி படியில வழுக்கி கால் சுளுக்கி மூணு வாரம் படுத்துட்டேன். ஹட்டன் பக்கம் மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை விடாது, பண்டாரவளை இருக்கிற ஊவா பக்கம்னா ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும், அந்த மாசத்துல போய் வீடு பாருங்க.

கேள்வி: டீச்சர் வேலை, எந்த ஊருக்கும் மாத்தல் கேக்கலாம். நடக்க எது நல்லம்?

என்னைக் கேட்டா பண்டாரவளை. ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் எல்லாம் கிட்ட கிட்ட, ஞாயித்துக்கிழமை சந்தையில ஒரு வாரத்துக்கு மரக்கறி வாங்கிடலாம், குளிரும் அவ்வளவு கொடுமை இல்ல. ஹட்டன்லயும் ஸ்டேஷன் டவுனுக்குள்ளயே இருக்கு, ஆனா பெரிய ஆஸ்பத்திரி (ஆதார ஆஸ்பத்திரி) பக்கத்து ஊர் டிக்கோயாவுல, பஸ் ஏறணும். கண்டினா கட்டுக்கலை பக்கம் தேடுங்க, பிள்ளையார் கோவில் இருக்கு, ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் நடந்து போற தூரம், வாடகை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

கேள்வி: நுவரெலியா?

டவுன் ஓரளவு சமதரை, நடக்க சுகம். ரயிலுக்கு நானுஓயா போகணும். ஏப்ரல் சீசன்ல ரூமை டூரிஸ்ட்டுக்கு விட்டா வீட்டுக்காரங்களுக்கு கூடுதல் காசு, உங்களை எழும்பச் சொல்லிடுவாங்க, அதனால ஒரு வருஷத்துக்கு எழுத்துல அக்ரீமெண்ட் போடுங்க.

கேள்வி: தனியா பொம்பளை புள்ளைனா வீடு தர யோசிக்கிறாங்க அக்கா.

தெரியும்மா, நானும் அழுதிருக்கேன். வேலை செய்ற எடத்து அக்காமார்கிட்ட சொல்லி வைங்க, தெரிஞ்சவங்க சொன்னா கதவு தொறக்கும். வீட்டுக்காரங்க கீழயும் நீங்க மேலயும் இருக்கிற அனெக்ஸா, ராத்திரி எட்டு மணி வரைக்கும் கடை தொறந்திருக்கிற ரோட்டுல பாருங்க.

கேள்வி: மண்சரிவு பயமா இருக்கு.

பயப்பட வேண்டியதுதான். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்துல மண்சரிவுல லயத்தோட (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளோட) மண்ணுக்குள்ள போன நம்ம சனத்தை மறக்க முடியுமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தான எடங்களை வரைபடமா போட்டிருக்கு, கிராம சேவகர்கிட்டயும் கேளுங்க. வீட்டுக்குப் பின்னால செங்குத்தா வெட்டின மண் மேடு, சாஞ்ச மரம், சுவர்ல புது வெடிப்பு, திடீர்னு ஊத்து, இதுல ஒண்ணு இருந்தாலும் டவுனுக்கு அஞ்சு நிமிஷ நடைனாலும் அந்த வீடு வேணாம்.