பஞ்சாங்கம் போட்ட பிராங்க்ளின்

கேள்வி: மின்னலும் மின்சாரமே என்று காட்டிய பெஞ்சமின் பிராங்க்ளின் 25 வருடம் பஞ்சாங்கம் போட்டு விற்றாராமே! ஒரு விஞ்ஞானிக்கு இது வெட்கமாக இல்லையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வெட்கமா? கல்லா நிறைந்தது ஐயா. அதோடு, 1732 டிசம்பரில் முதல் பஞ்சாங்கம் போட்டபோது அவர் விஞ்ஞானியும் இல்லை. அமெரிக்காவில், பிலடெல்பியாவில் அச்சகம் வைத்திருந்த 26 வயதுக்காரர். மின்னலைச் சோதிக்கப் பட்டம் பறக்கவிட்டதெல்லாம் 20 வருடம் கழித்து. போன வருடத்துப் பஞ்சாங்கம் இந்த வருடத்துக்கு ஆகாது, எல்லோரும் மறுபடி வாங்கியாக வேண்டும். அச்சகக்காரருக்கு வேறென்ன வேண்டும்? வருடத்துக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் பிரதி போனது என்று அவரே எழுதியிருக்கிறார். வேறு புத்தகமே வாங்காத ஜனங்கள் இதை வாங்கினார்கள் என்பதால், தேதிகளுக்கு நடுவே கிடைத்த சந்துகளில் பழமொழிகளைச் செருகினார்.

வாங்கியவர்களை ஏமாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கில்லாத பாதையில், நிலா எப்போது எழும் என்று தெரியாமல் ராத்திரிப் பயணம் கிளம்ப முடியுமா? கோர்ட் கூடும் நாள், சந்தை நாள், ஊருக்கு ஊர் எத்தனை மைல், எல்லாம் அதில்தான். மூலையில் ஓட்டை போட்டு, நூல் கோத்து, கணப்படுப்புப் பக்கம் ஆணியில் தொங்கவிடுவார்கள். ஓரத்தில் வரவு செலவும் ஏறும். ஜார்ஜ் வாஷிங்டனே வர்ஜீனியா பஞ்சாங்கத்தின் இடையிடையே வெற்றுத்தாள் சேர்த்து, அதில்தான் நாட்குறிப்பு எழுதினார். 1765இல், அப்போது அமெரிக்காவை ஆண்ட லண்டன் அச்சிட்ட தாள்களுக்குப் போட்ட முத்திரை வரி பஞ்சாங்கத்தையும் விடவில்லை: ஒற்றைத்தாள் என்றால் 2 பென்ஸ், புத்தகமாக இருந்தால் 4 பென்ஸ்.

சோதிடமும் இருந்தது, மறைப்பானேன். தலைக்கு மேஷம், பாதத்துக்கு மீனம் என்று உடம்பெல்லாம் ராசி குறித்த ஒரு மனிதப் படம். (நம் ஜோசியர்களின் காலபுருஷனும் இதே கணக்குத்தான்.) சந்திரன் எந்த ராசியில் நிற்கிறதோ, அதற்குரிய உறுப்பில் அன்று வைத்தியத்துக்காகக் கத்தி வைத்து ரத்தம் எடுக்கக் கூடாது.

பிராங்க்ளின் இதையெல்லாம் நம்பினாரா? டைட்டன் லீட்ஸைக் கேட்டால் சொல்வார். அவர் போட்டிப் பஞ்சாங்கக்காரர். 1733 அக்டோபர் 17, பிற்பகல் 3 மணி 29 நிமிடத்துக்கு லீட்ஸின் உயிர் போகும் என்று தன் முதல் பஞ்சாங்கத்திலேயே 'கணித்து' அச்சிட்டார் பிராங்க்ளின், ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்ற புனைபெயரில். நாள் கடந்தது. 'நான் உயிரோடுதான் இருக்கிறேன், அந்த ஆள் முட்டாள், பொய்யன்' என்று லீட்ஸ் அச்சில் பொரிந்து தள்ளினார். பிராங்க்ளின் அசரவில்லை. என் நண்பர் லீட்ஸ் பண்பானவர், இப்படியெல்லாம் திட்டவே மாட்டார், ஆகவே அவர் செத்தது உறுதி என்று பதில் போட்டார்.

'செத்தவர்' 1738 வரை இருந்தார்.